ஏலகிரி வீட்டுக்கு மார்கழி வருமுன்: ஹீட்டர் கடைசியில், ஈரம் முதலில்

ஆம்பூரில் தோல் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஏலகிரி அத்தனாவூரில் எங்கள் பூர்வீக வீடு. முன்பாதி ஓடு, பின்பாதி பதினைந்து வருடம் முன்பு போட்ட காங்கிரீட் தளம். அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. கீழே வந்து இருக்க மாட்டேன் என்கிறார். போன தை மாதம் முழுக்க இருமலும் மூட்டுவலியும். இந்த வருடமாவது குளிருக்கு முன்னால் வீட்டைத் தயார் பண்ண வேண்டும். எந்த ரூம் ஹீட்டர் வாங்கலாம்? ஜன்னல், வெண்டிலேட்டர் எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா? ஆம்பூரில் நாங்கள் குடியிருக்கும் ஷீட் வீட்டுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?”

தம்பி, ஹீட்டர் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசி வேலை. எல்லாவற்றையும் அடைப்பது மட்டும் கூடவே கூடாது. உங்கள் அம்மாவைப் போன தையில் படுத்தியது குளிர் மட்டுமாக இருக்காது என்பது என் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் குடித்த தண்ணீர் காயாமலே மார்கழிக்குள் போயிருக்கும். ஈரச் சுவருக்கு நடுவில் ஹீட்டர் போடுவது, நனைந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்பு முன்னால் உட்காருவது மாதிரி. சூடு பாதி தண்ணீரை உலர்த்தவே போய்விடும்.

முப்பது வருடமாக காட்பாடி, குடியாத்தம், திருப்பத்தூர் பக்கம் வீடு கட்டியும், அதைவிட அதிகமாகப் பழைய வீடுகளைப் பழுது பார்த்தும் வருகிறேன். வேலூர் என்றாலே ‘வெயிலூர்’ என்று கேலி செய்கிற ஊர் இது. இங்கே யாரும் குளிரை மனதில் வைத்து வீடு கட்டுவதில்லை. மே மாதத்தை நினைத்துத்தான் ஜன்னல் வைக்கிறோம், தரைக்குக் கடப்பாக் கல் போடுகிறோம், மாடியில் வெள்ளை பெயின்ட் அடிக்கிறோம். அதெல்லாம் சரிதான். வெயில் நான்கு மாதம், குளிர் மிஞ்சிப்போனால் எட்டு வாரம். அந்த எட்டு வாரத்துக்காக வீட்டை மாற்றிக் கட்டத் தேவையில்லை, கொஞ்சம் திருத்தினால் போதும். இணையத்தில் வருகிற வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் குழாய்க்கு உறை, சுவருக்குள் பஞ்சு என்று இறங்காதீர்கள். நம் மலையில் குழாய்த் தண்ணீர் உறையாது.

ஆனால் மலை மலைதான். வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர், திருப்பத்தூர் 390 மீட்டர் போல. ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே விடியற்காலையில் 17 டிகிரி என்றால் பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்த இடத்தில் 12 அல்லது 13 இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் கொடுத்த வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்கிறது. வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும். ஆக உங்கள் இலக்கு 18 டிகிரிதான். 25 இல்லை. சின்ன இலக்கு, சின்ன வேலைகளால் எட்டக்கூடியது.

சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் கட்டிலோரம் மாட்டுங்கள். அதுவரை தேங்காய் எண்ணெய் பாட்டில் இருக்கிறது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். காலையில் உறைந்திருந்தால் அதிசயமில்லை, மலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். வெளியே நல்ல வெயில், உள்ளே அலமாரியில் எண்ணெய் இன்னும் கல்லாக இருக்கிறது என்றால், அந்த அறைக்குள் பகல் நுழையவே இல்லை என்று அர்த்தம். அந்த அறையில் அம்மாவைப் படுக்கவைக்காதீர்கள்.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். கட்டட வேலைக்காரன் காதுக்கு இது வெறும் பழமொழி இல்லை, வேலைப் பட்டியல். தரையைப் பார், கூரையைப் பார் என்கிறது. சொன்னவர் சுவரை மட்டும் விட்டுவிட்டார். அந்தக் காலத்து மண்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் மூச்சுவிட்டுத் தானே காய்ந்துகொண்டதால் விட்டாரோ என்னவோ. நாம் அதன்மேல் சிமென்ட் பூசி, அதன்மேல் பளபள பெயின்ட் அடித்து மூடிவிட்டோம். அதனால் நான் சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் காகிதம் வெட்டி, சந்தேகப்படும் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். காகிதத்துக்கு உள்பக்கம், சுவரை ஒட்டி நீர் முத்து முத்தாக நின்றால், ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் நின்றால், சுவர் நல்ல சுவர்; அறைக் காற்றில் ஈரம் அதிகம், அது குளிர்ந்த இடத்தில் படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. குடியாத்தத்தில் ஒரு வீட்டுக்காரர் நான்கு வருடத்தில் மூன்று முறை பெயின்ட் மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “இன்னா மேஸ்திரி, எந்தக் கம்பெனி பெயின்ட் அடிச்சாலும் செதில் செதிலா உரிஞ்சுகினு வருது” என்றார். இந்தக் காகிதத்தை ஒட்டினேன். மறுநாள் காலையிலேயே உள்பக்கம் வேர்த்திருந்தது. மாடிக்குப் போனால் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் வேப்பஞ்சருகும் ஒரு ரப்பர் பந்தும். மாடியில் தேங்கிய தண்ணீர் கைப்பிடிச் சுவரின் அடியில் விரிசல் கண்டுபிடித்து, மெதுவாக அந்தப் படுக்கையறைச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயைச் சுத்தம் பண்ண ஐந்து நிமிடம். சுவர் காய ஒன்றரை மாதம்.

சுவருக்குள் ஈரம் என்றால் பார்க்க வேண்டியவை: மாடித் தண்ணீர் போகும் வழி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, ஓட்டுக்கூரையும் தளமும் சேரும் இடம். உங்கள் வீட்டில் முன்பாதி ஓடு, பின்பாதி தளம் என்கிறீர்கள். அந்தச் சேர்மானத்தில்தான் என் முதல் சந்தேகம். இரண்டும் வெயிலுக்கும் பனிக்கும் வேறு வேறு அளவில் நீண்டு சுருங்கும். நடுவில் பூசிய சிமென்ட் வெடித்தே தீரும். அங்கே வெறும் சிமென்ட் வைத்து அடைக்காமல் தகடு மடித்துப் போடச் சொல்லுங்கள். தகட்டின் ஒரு ஓரம் தளத்தின் பக்கம் சுவருக்குள் செருகியிருக்க வேண்டும், மறு ஓரம் தண்ணீர் உள்ளே இறங்காதபடி ஓட்டோடு சேர வேண்டும். பிறகு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். மண் எங்கேயாவது வீட்டுத் தரைமட்டத்துக்கு மேல் ஏறியிருக்கிறதா? மலைவீடுகளில் மேட்டுப்பக்கச் சுவரில் இது சாதாரணம். மழையில் வழிந்து வந்த மண் வருடா வருடம் சேர்ந்து சுவரை அணைத்துக்கொண்டு நிற்கும். அந்த மண்ணை வெட்டியெடுத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு வாய்க்கால் இழுத்துவிட்டால் பாதி ஓதம் குறைந்துவிடும். பழைய மண்சுவர் என்றால் இதைக் குளிருக்காக மட்டும் செய்யச் சொல்லவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். ஊறிய சுவர் கிறுக்கலாக விரிசல் காட்டினாலோ, வயிறு தள்ளினாலோ, பூச்சு வேலை பேசாமல் ஆளைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

ஈரம் காற்றில் என்றால் வேலை உங்கள் கையில் இருக்கிறது. மலையில் பனிமூட்டம் விலக ஒன்பது மணி ஆகும். பத்து மணிக்கு எல்லா ஜன்னலையும் திறங்கள், மூன்றரை நான்குக்குச் சாத்துங்கள். அதற்குப் பிறகு திறந்திருந்தால் ஈரக்காற்று திரும்பி வரும். துணியை வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயப்போடாதீர்கள். ஒரு குடும்பத்துத் துணியிலிருந்து வெளியேறும் தண்ணீர் லிட்டர் கணக்கு, அத்தனையும் சுவரில்தான் போய் உட்காரும். பீரோ, அரிசி டிரம், கட்டில் எதையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். பீரோவுக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை இருக்கிறதா என்று இன்றைக்கே எட்டிப் பாருங்கள். அம்மாவின் இருமலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இருந்தால் துடைத்துக் காயவைத்த பிறகுதான் பெயின்ட். சுண்ணாம்பு அடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. நம் ஊரில் சுண்ணாம்பு அடிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். ஓதச் சுவருக்கு அதைவிடத் தோதான பூச்சை நான் பார்த்ததில்லை.

எப்போது தொடங்குவது என்றால், ‘கார்த்திகைக்கு மேல் மழையும் இல்லை, கர்ணனுக்கு மேல் கொடையும் இல்லை’ என்பார்கள். ஆனால் கார்த்திகை முடியும் முன்பே மழை விட்டுவிடும் என்று நம்பாதீர்கள். 2016-ல் வர்தா புயல் வந்தது டிசம்பர் 12. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையில் மண்சரிவே ஏற்பட்டது. கூரை வேலையைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். காயவைக்கும் வேலை கார்த்திகை தீபத்துக்குப் பிறகு.

இப்போது கூரை. மழை ஓய்ந்து வானம் தெளிந்தபின்தான் நம் பக்கம் குளிர் இறங்கும், கவனித்திருப்பீர்கள். மேகம் இருந்த இரவு வெதுவெதுப்பாக இருக்கும், நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற இரவு நடுக்கும். மேகம் ஒரு போர்வை. அது இல்லாதபோது கூரை தன் சூட்டையெல்லாம் நேராக வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகும். சோதித்துப் பார்க்க: இரவில் ஒரு துண்டை மொட்டைமாடிக் கயிற்றில் போடுங்கள், இன்னொன்றை சன்ஷேடுக்கு அடியில் போடுங்கள். காலையில் மாடித் துண்டு பிழியலாம்போல் இருக்கும். சன்ஷேடு துண்டு சும்மா சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே காற்று. வானத்தைப் பார்த்ததும் பார்க்காததும்தான் வித்தியாசம்.

இதைத்தான் பழைய வீட்டு மச்சு செய்தது. ஓட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் பலகை போட்டு, அதன்மேல் புளியும் தானியமும் கோணியில் அடுக்கி வைத்தார்கள். ஓடு பனியில் நனைந்து குளிர்ந்தாலும் கீழே படுத்தவன் தலையில் அது இறங்கவில்லை. மாசியில் மட்டும் அதையும் துளைக்கும் என்றார்கள். மாசியில் பகல் முப்பதைத் தாண்டும், இரவு பதினெட்டுக்கு வரும். அந்த ஏற்ற இறக்கம் ஓட்டையும் மரத்தையும் மட்டுமல்ல, காங்கிரீட் தளத்தையும் வெடிக்க வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஓட்டுப் பாதியில் மச்சு இருந்தால் அதை வெறுமையாக விடாதீர்கள். காய்ந்த வைக்கோல் வேண்டாம், எலியும் தீயும் இரண்டும் வரும். பழைய மெத்தை, கோணி போதும். மச்சு இல்லையென்றால் அம்மா படுக்கும் அறைக்கு மட்டும் மூங்கில் தட்டியோ சிமென்ட் போர்டோ வைத்து ஒரு உள்கூரை போடுங்கள். தெர்மாகோல் ஒட்டச் சொல்லிக் கேட்பார்கள், மலிவு என்று. பற்றினால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். விறகடுப்பு இருக்கிற வீட்டுக்கு நான் போட்டுத் தரமாட்டேன்.

ஓட்டை இப்போதே ஆள் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏலகிரியில் குரங்கு நடந்த கூரையில் நகராத ஓடு இருக்காது. ஒரு விரல் சந்து போதும், ராத்திரி முழுக்கப் பனி இறங்க. குளிருக்காகத் தளப் பாதிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். வெயிலுக்காக வெள்ளை கோட்டிங் அடித்திருந்தால் அதைக் கறுப்பாக்கும் யோசனை வேண்டாம். ஏப்ரலில் வருந்துவீர்கள்.

தரைக்குச் செலவே இல்லை. கடப்பாக் கல்லும், டைல்ஸும், ரெட் ஆக்சைடு தரையும் அறையைவிடக் குளிர்ந்தவை இல்லை, ஆனால் காலிலிருந்து சூட்டைச் சீக்கிரம் உறிஞ்சும். அதே அறையில் மரப்பலகைமேல் நின்றால் அந்தச் சில் தெரியாது. கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம், கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவுவரைக்கும். ஓரம் சுருண்டு அம்மா தடுக்கி விழாதபடி மூலையை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பிய்ந்த பாயைப் போகிக்கு எரிக்கக் கட்டி வைத்திருப்பார்கள், அதுவே போதும். கட்டில் கயிற்றுக்கட்டிலாக இருந்தால் மேலே இரண்டு கம்பளி போர்த்தியும் குளிரும், ஏனென்றால் குளிர் கீழிருந்து வரும். ஒரு கம்பளியை எடுத்து மெத்தைக்கு அடியில் விரியுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை மூன்று நாள் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்தால் புதுசு மாதிரி உப்பி வரும். உப்பலில் நிற்கும் காற்றுதான் சூடு காக்கிறது. அமுங்கிப்போன மெத்தை வெறும் பாய்.

ஜன்னல் விஷயம். குளிர்காலக் காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது, வாடை என்பது அதைத்தான். எனவே எல்லா ஜன்னலுக்கும் செலவு செய்யாமல் வடக்கையும் கிழக்கையும் மட்டும் பாருங்கள். காற்று அடிக்கும் ஒரு சாயங்காலம் ஊதுபத்தி ஏற்றி, மூடிய ஜன்னல் ஓரமாக, நிலைச்சட்டம் ஓரமாக, கதவுக்கடியில் மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழுந்தால் அங்கே சந்து இல்லை. பக்கவாட்டில் சாய்ந்தாலோ சிதறினாலோ பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் வெடிப்பு இருந்தால் பூச்சு. ஜன்னல் கதவு சட்டத்தில் சரியாக உட்காராவிட்டால் ஒட்டுகிற ரப்பர் பட்டை, ஹார்டுவேர் கடையில் சுருளாகக் கிடைக்கும். கதவுக்கடிச் சந்துக்குப் பழைய லுங்கியைக் குழாய்போல் தைத்து உமி நிரப்பிப் போடுங்கள். மலையில் தேளும் பூரானும் வருகிற வழியும் அதுதான், அதற்காகவாவது செய்யுங்கள்.

ஆனால் வெண்டிலேட்டரை அடைக்காதீர்கள். ஆள் மூச்சிலும் சமையலிலும் குளியலிலும் வரும் ஈரம் மேலே ஏறி அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதை அட்டை வைத்து அடைத்துவிட்டு, “ராவுல சொவரு வேர்க்குது” என்று கூப்பிட்ட வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். கொசுவுக்குப் பயந்து மூடுகிறவர்கள் வலை அடியுங்கள். மூடிய அறையில் கொசுவத்திப் புகையோடு படுப்பது இருமல்காரருக்கு ஆகாது.

அம்மா எந்த அறையில் படுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் வாசல் பக்கத்து ஓட்டு அறையாக இருக்கும், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. இந்த எட்டு வாரத்துக்கு மட்டும் மேற்குச் சுவர் உள்ள தள அறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சாயங்கால வெயில் வாங்கிய செங்கல் சுவரும் காங்கிரீட்டும் அந்தச் சூட்டை இருட்டிய பிறகும் சில மணி நேரம் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். மே மாதத்தில் நாம் திட்டுகிற அதே குணம் இப்போது உதவிக்கு வருகிறது. அந்தச் சுவருக்கு நிழல் தரும் முருங்கைக் கிளையைக் கார்த்திகையில் கழித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் ஹீட்டர். சிவப்பாகக் கம்பி எரிகிறவை எதிரே உட்கார்ந்தவருக்கு மட்டும் சூடு தரும், போர்வை நுனி பட்டால் ஆபத்து. ஃபேன் வைத்தவை சீக்கிரம் சூடாக்கும், அணைத்ததும் ஆறிவிடும், சத்தமும் உண்டு. வயதானவர் தூங்கும் அறைக்கு எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகைதான் என் தேர்வு. கொஞ்சம் விலை கூடும், சூடாக நேரம் எடுக்கும், ஆனால் நெருப்புக் கம்பி வெளியே தெரியாது, அணைத்த பிறகும் சற்று நேரம் கதகதப்பு இருக்கும். வாங்கும் முன் பிளக்கைப் பாருங்கள். 2,000 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜர் போடுகிற 6 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்காது. 16 ஆம்பியர் பாயின்ட், அதற்கென்று தனி வயர், போர்டில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர், இந்த மூன்றும் வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. எங்கள் வீட்டிலேயே, பேத்தி பிறந்த மார்கழியில், “ஒரு ராத்திரிதானே” என்று நானே பாக்ஸில் சொருகினேன். விடியற்காலை மூன்று மணிக்கு மீன் கருகுவதுபோல் ஒரு நாற்றம். எழுந்து பார்த்தால் பாக்ஸின் ஒரு மூலை மெழுகுபோல் வழிந்து, அடியில் இருந்த பிளாஸ்டிக் பாயில் ஒட்டியிருந்தது. ஊருக்கெல்லாம் வயரிங் உபதேசம் செய்கிறவன் வீட்டில்!

கரன்ட் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஹீட்டர் தொடர்ந்து ஏழு மணி நேரம் ஓடினால் 14 யூனிட். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டை ஒரு வாரத்தில் தின்றுவிடும். அதனால் படுக்கும் முன் ஒரு மணி நேரம், விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு மணி நேரம். அறை காய்ந்திருந்து சந்துகள் அடைந்திருந்தால் 18 டிகிரிக்கு இது பெரும்பாலும் போதும். போதவில்லையென்றால் மறுபடியும் ஊதுபத்தியை எடுங்கள், பெரிய ஹீட்டர் தேடாதீர்கள்.

சுடுதண்ணீர்ப் பை கொடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கொப்புளம் வரும்வரை சூடு தெரியாது. பையைத் துணியில் சுற்றி, படுக்குமுன் கால்மாட்டில் வைத்துப் போர்வையைச் சூடாக்கிவிட்டு, அவர் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். காலுக்குச் சாக்ஸ் போதும். குளியலை விடியற்காலையிலிருந்து பதினோரு மணிக்கு மாற்றுங்கள். மார்கழி முழுக்க அதிகாலைக் குளியல் என்று அவர் பிடிவாதம் பிடிப்பார், அது உங்கள் பாடு. வாளியில் போடுகிற ராடு மட்டும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம். சுவிட்சை அணைக்காமல் கையை விட்டுச் சூடு பார்ப்பது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். கேஸ் கீசர் வைத்தால் பாத்ரூமுக்கு வெளியே.

ஆம்பூர் வீட்டுக்குப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. ஜவ்வாது மலைக்கும் அந்தப் பக்கத்து மலைக்கும் நடுவில் பாலாற்றுப் பள்ளத்தில் இருக்கிறீர்கள். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி அந்தப் பள்ளத்தில் தேங்கும், அதனால்தான் தையில் பெங்களூர் ரோட்டில் காலை எட்டு மணிக்கும் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போகின்றன. ஆனாலும் அது சமவெளிக் குளிர்தான். ஷீட் கூரையின் உள்பக்கம் விடியற்காலையில் வேர்த்துச் சொட்டும், அது ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சிலும் சமையலிலும் போன ஈரம் குளிர்ந்த ஷீட்டில் படிந்து விழுவது. ஷீட்டுக்குக் கீழே ஒரு ஜாண் விட்டுத் துணியோ தட்டியோ கட்டுங்கள், கட்டிலைச் சொட்டுக்கு வெளியே நகர்த்துங்கள். சிமென்ட் ஷீட் என்றால் நீங்களே துளை போட வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மரச்சட்டத்தில் கட்டுங்கள்.

ஒன்று மிச்சம். மலையில் பெரியவர்கள் இருக்கும் வீடு என்பதால் கேட்காமலே சொல்கிறேன். கும்முட்டி அடுப்போ கணப்புச் சட்டியோ இருக்கும். அம்மா சாயங்காலம் அதில் கரி போட்டுக் கைகாய்வார், குளிர் அதிகமானால் படுக்கும் அறைக்கு எடுத்துப் போவார். பிள்ளை பெற்ற அறையில் கணப்பு வைத்து வளர்ந்தவர்கள் அவர்கள், சொன்னால் சிரிப்பார்கள். அந்த அறைகளில் ஓட்டுச் சந்து வழியாகப் புகையும் போயிற்று, வாயுவும் போயிற்று. இப்போது நீங்கள் ஓட்டைச் சரிசெய்து, கதவுக்கு உமிக்குழாய் போட்டு, ரப்பர் பட்டை ஒட்டப் போகிறீர்கள். கரித் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, புகை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலை கனக்கும், தூக்கம் வருகிறது என்று நினைத்துப் படுப்பார்கள்.

சட்டியைப் பிடுங்கி ஒளித்துவைத்தால் சண்டைதான் வரும். திண்ணையில் காற்று மறைவாக ஒரு தட்டி கட்டி, ஒரு நாற்காலி போட்டு, சட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து உட்காருவார், பேச்சுத் துணையும் ஆச்சு. எழுந்து வரும்போது அம்மா ‘தணல் அவிஞ்சுபோச்சு, வெறும் சாம்பல்தான்’ என்று உள்ளே எடுத்துவரச் சொல்வார். சாம்பலுக்கு அடியில் விடியும்வரை தணல் இருக்கும். ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிக் கிளறிவிட்டு, சட்டியைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள்.